நாட்டுக்கோழிக் குஞ்சுகளில் சேவலையும் பெட்டையையும் பிரித்தறிதல்: முதல் நாளிலிருந்து முட்டைப் பருவம் வரை

கோழி வளர்ப்பில் புதிதாக இறங்குவோர், குஞ்சு பொரித்த மறுநாளே கேட்கும் கேள்வி, இவற்றில் எத்தனை பெட்டை என்பதுதான். புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழியில் அந்தக் கேள்விக்கு அன்றே விடை சொல்ல இயலாது. எந்த வாரத்தில் எந்த அடையாளம் தெரியத் தொடங்கும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்று தெரிந்து, வரிசையாகப் பார்த்துக் குறித்து வந்தால், 3 முதல் 4 மாதத்துக்குள் ஏறத்தாழ எல்லாக் குஞ்சுகளையும் பிழையின்றிப் பிரித்துவிடலாம். அந்த வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். அவசரத்தில் ஒரு படியைத் தாண்டுவோர்தாம், முட்டைக்கு வரவேண்டிய விடைக்கோழியை அறுப்புக்கு விற்றுவிட்டுச் சேவலுக்குத் தீனி போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

1. தொடங்கும் முன் வேண்டியவை

பிரித்தறிதல் என்பது பெரும்பாலும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. தனியாக ஒரு குஞ்சைக் கையில் எடுத்து, இதன் கொண்டை பெரிதா சிறிதா என்று கேட்டால் எவராலும் சொல்ல முடியாது. அதே நாளில் பொரித்த, அதே இனத்தைச் சேர்ந்த உடன்பிறப்புகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அந்தக் கேள்விக்குப் பொருள் உண்டு. ஆகவே முதல் தேவை, பொரித்த தேதியைக் குறித்து வைப்பதும், வெவ்வேறு வாரங்களில் பொரித்த குஞ்சுகளை ஒன்றாகக் கலக்காமல் வைப்பதும் ஆகும். 10 நாள் மூத்த பெட்டைக் குஞ்சு, 10 நாள் இளைய சேவல் குஞ்சைக் காட்டிலும் உருவத்தில் முந்தி நிற்கும். அங்கே ஒப்பீடு குலைந்துவிடும்.

இரண்டாவது தேவை, ஒவ்வொரு குஞ்சுக்கும் ஓர் அடையாளம். கோழிகளுக்கென விற்கும் வண்ணப் பிளாஸ்டிக் கால் வளையங்கள் போதும். குஞ்சின் கால் வாரத்துக்கு வாரம் பருக்கும் என்பதால், வளையத்துக்கும் காலுக்கும் இடையே சிறு இடைவெளி இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்து, இறுகும் முன் பெரிய அளவுக்கு மாற்ற வேண்டும். நூலோ ரப்பர் வளையமோ கட்டக் கூடாது. அது தோலுக்குள் புதைந்து காலையே அழுகச் செய்துவிடும்.

மூன்றாவதாக ஒரு நோட்டு. வளையத்தின் நிறம், தேதி, கொண்டையின் நிறம், நெஞ்சு இறகின் நிறம், உங்கள் ஊகம் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரு வரியில் எழுதுங்கள். பின்னால் பார்க்கையில், உங்கள் மந்தையில் எந்த அடையாளம் முந்தி உண்மை சொன்னது என்பதை அந்த நோட்டுதான் காட்டும். அடுத்த ஈற்றுக்கு அதைவிட நல்ல ஆசான் கிடையாது.

2. முட்டையிலும் தொங்கவிடுவதிலும் விடை இல்லை

கூர்முனை முட்டையில் சேவலும், உருண்டை முட்டையில் பெட்டையும் பொரிக்கும் என்பது பரவலான நம்பிக்கை. முட்டையின் வடிவத்தை முடிவு செய்வது தாய்க்கோழியின் முட்டைக் குழாய். குஞ்சின் பாலினமோ ஓடு உருவாவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. கோழியினத்தில் சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள், பெட்டைக்கு ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும். தாய் தரும் குரோமோசோமே குஞ்சு எதுவாகும் என்பதை முடிவு செய்கிறது. ஒரே கோழி இடும் முட்டைகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வடிவில் இருப்பதையும், அவற்றிலிருந்து இருபாலும் பொரிப்பதையும் அடை வைத்த எவரும் பார்த்திருப்பார்கள்.

குஞ்சின் மேல் நூலில் மோதிரத்தைத் தொங்கவிட்டு அது சுற்றுகிறதா ஊசலாடுகிறதா என்று பார்ப்பதும், கழுத்துத் தோலைப் பிடித்துத் தூக்கிக் கால் மடங்குகிறதா என்று பார்ப்பதும் இதே வகை. பாதிக்குப் பாதி சரியாக அமைவதால்தான் இவை இன்னும் நிலைத்திருக்கின்றன. தூக்கிப் பார்ப்பதில் குஞ்சுக்குத் துன்பமும் சேர்வதால், அதை அறவே விட்டுவிட வேண்டும்.

3. முதல் 3 நாள்: எது சாத்தியம், எது சாத்தியமில்லை

பெரிய பொரிப்பகங்களில் ஒரு நாள் குஞ்சையே பிரித்து விற்கிறார்களே என்று கேட்பது நியாயம். அங்கே மூன்று முறைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏன் வீட்டு மந்தைக்குப் பொருந்துவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் வீண் முயற்சி குறையும்.

முதலாவது, எச்சத் துவாரத்தைப் பிதுக்கிப் பார்க்கும் முறை. பொரித்த முதல் நாளுக்குள், குஞ்சின் எச்சத்தை மெல்ல வெளியேற்றிவிட்டு, துவாரத்தின் உள்விளிம்பைத் திருப்பினால், சேவலில் கடுகைவிடச் சிறிய, பளபளப்பான, அழுத்தினாலும் அடங்காத ஒரு மேடு தெரியும். பெட்டையில் அது இராது, அல்லது தட்டையாக, அழுத்தியதும் அமுங்கிவிடுவதாக இருக்கும். இடைப்பட்ட வடிவங்கள் பல இருப்பதே இதிலுள்ள கடினம். அவற்றை வேறுபடுத்தக் கண்ணுக்கும் விரலுக்கும் நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை சற்று அழுத்தினாலும் குஞ்சின் வயிற்றுக்குள் உள்ள மஞ்சள் கருவின் பை உடைந்து குஞ்சு இறந்துவிடும். பயிற்சி பெற்றவரிடம் நேரில் கற்காமல் இதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

இரண்டாவது, இறக்கை இறகைப் பார்ப்பது. குஞ்சின் இறக்கையை விசிறிபோல் விரித்தால் இரண்டு வரிசை முளை இறகுகள் தெரியும். கீழ் வரிசை நீளமாகவும் மேல் வரிசை குட்டையாகவும் இருந்தால் பெட்டை, இரண்டும் ஒரே நீளமாகவோ மேல் வரிசை நீண்டோ இருந்தால் சேவல் என்பது விதி. ஆனால் இந்த விதி இயற்கையாக அமைந்ததன்று. விரைவாக இறகு முளைக்கும் வழிச் சேவலையும், தாமதமாக முளைக்கும் வழிப் பெட்டையையும் தேர்ந்தெடுத்து இணை சேர்த்த குஞ்சுகளில் மட்டுமே இது செல்லும். தாமத இறகுக்கான மரபணு இசட் குரோமோசோமில் இருப்பதால், தாயிடமிருந்து அது மகனுக்கு மட்டும் போகிறது. நம் மந்தையில் பெற்றோர் அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. ஓர் ஈற்றிலுள்ள குஞ்சுகள் எல்லாமே விரைவு இறகுடன் பொரிக்கலாம். இணையத்தில் இறக்கைப் படத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு 12 குஞ்சும் பெட்டை என்று மகிழ்வோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

மூன்றாவது, நிறம். வரி இறகுள்ள பிளைமவுத் ராக் பெட்டையோடு வரியில்லாத ரோடு ஐலேண்டு ரெட் சேவலைச் சேர்த்தால், பொரிக்கும் கருங்குஞ்சுகளில் தலையில் வெள்ளைப் புள்ளி உள்ளவை சேவல், புள்ளி இல்லாதவை பெட்டை. இதை மாற்றிச் சேர்த்தால், அதாவது வரியுள்ள சேவலையும் வரியில்லாத பெட்டையையும் இணைத்தால், இருபாலுக்கும் புள்ளி வந்துவிடும். அப்போது இந்த அடையாளம் பயன்படாது. பெற்றோர் இரண்டும் தூய வழி என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே இதை நம்புங்கள்.

மேற்கண்ட மூன்றும் இல்லாதவர்கள் முதல் 3 நாளும் குஞ்சுகளுக்குச் சூடும் தண்ணீரும் சரியாகக் கிடைப்பதில் கவனம் வைத்தால் போதும். முதல் வாரத்தில் சுமார் 35 பாகை வெப்பம் தேவைப்படும் குஞ்சுகளைப் பரிசோதனைக்காக வெளியே எடுத்து எடுத்து வைப்பது அவற்றைக் குளிரில் தள்ளுவதாகும்.

4. விலைக்கு வாங்குவோர் கவனிக்க

தெருவிலும் திருவிழாவிலும் இளஞ்சிவப்பு, பச்சை என்று சாயமேற்றி விற்கும் குஞ்சுகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் பிரித்துக் கழிக்கப்பட்ட சேவல்கள். முட்டைக்கென்று அவற்றை வாங்கக் கூடாது.

சந்தையில் வாங்குவதாயின், விலை சற்றுக் கூடினாலும் 3 மாதம் கடந்த குஞ்சாக, கீழே 7ஆம் பகுதியில் சொல்லியுள்ள இறகு அடையாளத்தைக் கையில் பிடித்துப் பார்த்து வாங்குவதே பெட்டை வேண்டுவோருக்கு உகந்தது. இளங்குஞ்சாக வாங்கினால் பாதி சேவலாக இருக்கும் என்று கணக்கிட்டே வாங்க வேண்டும்.

5. இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை: குறிப்பு மட்டும்

இந்தக் காலத்தில் சில சாயல்கள் தெரியும். பருத்த உடல்வாகுள்ள இனங்களில் பெட்டைக் குஞ்சுக்கு வாலும் தோளும் முந்தி இறகு மூடும். சேவல் குஞ்சின் முதுகு வெறுமையாக, வால் குட்டையாக நிற்கும். சேவல் குஞ்சின் கால் தடித்தும், நிற்கும் நிலை நிமிர்ந்தும் இருக்கும்.

இவற்றை நோட்டில் எழுதுங்கள். முடிவாக எடுக்க வேண்டாம். தீனி குறைந்தாலும், குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டாலும், இரத்தக் கழிச்சல் வந்து தேறினாலும் இறகு முளைப்பது தாமதமாகும். அத்தகைய பெட்டைக் குஞ்சு சேவலைப்போலவே தோன்றும். நெஞ்சை நிமிர்த்தி மோதிக்கொள்வதைப் பார்த்தும் சேவல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இந்த வயதில் இருபாலும் அப்படி மோதும்.

6. ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை: கொண்டையும் நிறமும்

உண்மையான வேலை இங்கே தொடங்குகிறது. காலை வெயில் ஏறும் முன், தீனி வைத்துக் குஞ்சுகள் ஒன்றாகக் கூடும் நேரத்தில், வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்குமாறு அமர்ந்து தலைகளை மட்டும் பாருங்கள். நண்பகலில் பார்க்க வேண்டாம்; வெப்பத்தாலும் ஓடிக் களைப்பதாலும் எல்லாக் கொண்டைகளும் சிவந்து தோன்றும்.

ஒற்றைக் கொண்டை, அதாவது ஒரே வரிசைப் பற்களோடு நிமிர்ந்து நிற்கும் கொண்டை உள்ள குஞ்சுகளில் வேறுபாடு நன்றாகத் தெரியும். சேவலின் கொண்டை அடியில் தடித்து, இளஞ்சிவப்பாகிப் பின் சிவப்பாகும். அலகின் கீழே தாடி இரண்டு சிறு மடிப்புகளாகத் தொங்கத் தொடங்கும். பெட்டையின் கொண்டை மஞ்சள் கலந்த வெளிர் நிறத்தில், மெல்லியதாக, பற்கள் சிறியனவாக இருக்கும். தாடி இருப்பதே தெரியாது. உயரத்தைவிடத் தடிப்பையும் நிறத்தையும் பார்ப்பது நல்லது. சில பெட்டைகளுக்கும் கொண்டை உயரமாக வளரும். ஆனால் 6 வாரத்தில் தடித்துச் சிவப்பது அரிது. விரல் நுனியால் கொண்டையின் அடியைத் தொட்டுப் பார்த்தால், சேவலில் சதைப்பற்றும் சூடும் புலப்படும்.

இதில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, நோய்வாய்ப்பட்ட சேவலைப் பெட்டை என்று எண்ணுவது. குடற்புழுவோ இரத்தக் கழிச்சலோ உள்ள குஞ்சின் கொண்டை வெளிறிச் சுருங்கிவிடும். சோர்ந்து நிற்கும் குஞ்சின் கொண்டையைக் கணக்கில் எடுக்காமல், தேறிய பின் பாருங்கள். இரண்டாவது பிழை, வயதைப் பார்க்காமல் சிவப்பை மட்டும் பார்ப்பது. 6 வாரத்தில் சிவந்த கொண்டை சேவலைக் குறிக்கும். அதே சிவப்பு 5 மாதத்தில் தெரிந்தால், முட்டைக்கு நெருங்கும் விடைக்கோழியாகவும் இருக்கலாம். பொரித்த தேதியை எழுதி வைக்கச் சொன்னது இதற்காகவே.

கொண்டையோடு சேர்த்து இறகின் நிறத்தையும் பார்க்க வேண்டும். பழுப்பும் கறுப்பும் கலந்த நாட்டுக்கோழிகளில் பெட்டையின் நிறம் உடல் முழுதும் சீராகப் பரவியிருக்கும். நெஞ்சு வெளிர் பழுப்பாகவோ மங்கிய செம்மண் நிறமாகவோ இருக்கும். சேவல் குஞ்சிலோ இந்த வாரங்களில் நெஞ்சில் கறுப்பு இறகுகள் திட்டுத் திட்டாக முளைக்கும். இறக்கையின் தோள் பகுதியில் மட்டும் அடர்ந்த சிவப்பு எழும். நிறம் ஒழுங்கற்றுத் திட்டாக மாறுவதே சேவலின் குறி. நான் கொண்டையைக் காட்டிலும் இந்தத் தோள் சிவப்பைக் கூடுதலாக நம்புகிறேன். நோயாலோ வெப்பத்தாலோ அது மாறுவதில்லை. முழு வெள்ளை, முழுக் கறுப்புக் குஞ்சுகளில் மட்டும் இது உதவாது.

கொண்டையும் நிறமும் ஒன்றையே சொல்லும் குஞ்சுக்கு நோட்டில் உறுதி என்று எழுதலாம். ஒன்றுக்கொன்று முரணானால் அடுத்த படிக்குத் தள்ளுங்கள்.

7. ஒன்பதாம் வாரம் முதல் பதினான்காம் வாரம் வரை: இடுப்பு இறகு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும். முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், இடுப்பின் இருபுறமும் புதிதாக முளைக்கும் இறகுகளே மிகவும் நம்பத்தக்க அடையாளம். காரணம், இந்த இடத்து இறகின் வடிவத்தை முடிவு செய்வது பெட்டையின் உடலில் சுரக்கும் பெண் ஹார்மோன். அது சுரக்கும் உடலில் இறகு வட்ட முனையோடு முளைக்கும். இல்லாத உடலில் நீண்டு கூராகும்.

பார்க்கும் முறை இது. இருட்டியபின், கோழிகள் கூட்டில் அமர்ந்த நேரத்தில், ஒவ்வொன்றாக எடுங்கள். பகலில் துரத்திப் பிடித்தால் கோழியும் மிரளும், இறகும் உதிரும். நெஞ்சு உள்ளங்கையில் படிய, கால்கள் விரல்களுக்கு இடையில் அடங்குமாறு இடக்கையில் ஏந்துங்கள். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டி, வலக்கைக் கட்டைவிரலால் இடுப்பு இறகுகளை வாலிலிருந்து கழுத்தை நோக்கி எதிர்த் திசையில் தள்ளிவிட்டு, மெல்ல ஒவ்வொன்றாகத் திரும்ப விழ விடுங்கள். பழைய குஞ்சு இறகுகளுக்கு நடுவே, இன்னும் உறை பிரியாத புது இறகுகள் ஊசிபோல் நிற்கும். உறை பிரிந்த ஒன்றைத் தேடி அதன் முனையைப் பாருங்கள்.

சேவலின் இறகு ஒடுங்கி, முனை ஈட்டிபோல் கூர்ந்திருக்கும். அதன் ஓர இழைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்பதால், விளிம்பில் பட்டு நூலின் மினுமினுப்பு இருக்கும். பெட்டையின் இறகு அகன்று, முனை வட்டமாக, ஓரம் வரை இழைகள் நெருங்கி மங்கலாக இருக்கும். கழுத்து இறகிலும் இதே வேறுபாடு வரும். ஆனால் பெட்டைக்கும் கழுத்து இறகு ஓரளவு கூராக வளர்வதால் கழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டாம்.

குஞ்சு இறகும் வட்ட முனை கொண்டதே என்பதை மறந்துவிடுவதுதான் இங்கு நேரும் பிழை. 9 வாரத்தில் வட்ட முனையைக் கண்டு பெட்டை என்று எழுதியவர், 13 வாரத்தில் அதே கோழியில் கூர் இறகு முளைப்பதைக் காண்பார். கூர்முனை தெரிந்தால் உடனே சேவல் என்று சொல்லலாம். வட்ட முனை மட்டும் தெரிந்தால், புது இறகு முளைத்து முடியும் வரை பொறுக்க வேண்டும்.

இதே காலத்தில் சேவலின் வாலில் நடு இறகுகள் வளையத் தொடங்கும். அது துணைச் சான்று. கால் முள்ளை இந்த வயதில் நம்ப வேண்டாம். அந்த இடத்தில் சிறு குமிழ் இருபாலுக்கும் இருக்கும், சில பெட்டைகளுக்கு வயதானபின் முள்ளே வளரும்.

8. இனத்தைப் பொறுத்து மாறுபவை

அசீல் வழி வந்த சண்டைக்கோழிகளுக்குத் தலையோடு ஒட்டிய சிறு கொண்டையே இயல்பு. தாடியும் மிகச் சிறியது. பெட்டைகளும் உயர்ந்த காலோடு நிமிர்ந்து நிற்கும். ஆகவே 6ஆம் பகுதியின் கொண்டை அடையாளத்தை ஒதுக்கி, தோள் நிறத்தையும் இடுப்பு இறகையும் பாருங்கள். இவை மெதுவாக முதிர்வதால் கூடுதலாகச் சில வாரம் காத்திருக்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியைச் சேர்ந்த கடக்நாத் என்னும் கருங்கோழியில் கொண்டையே கறுத்திருக்கும் என்பதால் சிவப்புக்காகக் காத்திருப்பது வீண். கொண்டையின் பருமனையும் தாடியின் நீளத்தையும் உடன்பிறப்புகளோடு ஒப்பிடுங்கள்.

கழுத்தறுத்தான் கோழிக்குக் கழுத்தில் இறகு இல்லாததால் இடுப்பை மட்டுமே பார்க்க முடியும். வனராஜா, கிராமப்ரியா போன்ற பல நிறக் கலப்பினங்களில் குஞ்சின் நிறத்தை வைத்துச் சொல்ல இயலாது. ஆனால் கொண்டை முந்தியே தெரிந்துவிடும்.

சில சண்டைச் சேவல் வழிகளில் முழு வளர்ச்சி அடைந்த சேவலும் பெட்டையைப்போல் வட்ட முனை இறகோடும் வளையாத வாலோடும் இருக்கும். அத்தகைய சேவல் உங்கள் மந்தையில் இருந்தால், அதன் மக்களில் இறகு அடையாளத்தை நம்பாமல், கொண்டையையும் குரலையும் வைத்தே முடிவெடுங்கள்.

9. குரலும் நடத்தையும்

உடைந்த குரலில் கூவிப் பழகுவது சில சேவல்களில் 2 மாதத்திலேயே தொடங்கும். சிலவற்றில் 5 மாதம் வரை ஆகும். கூவினால் சேவல் என்பது ஏறத்தாழ உறுதி. கூவாததால் பெட்டை என்பது தவறு. மூத்த சேவல் இருக்கும் மந்தையில் அடங்கிய இளஞ்சேவல் வாயே திறக்காது. ஐயம் இருந்தால் அதை மட்டும் வேறு கூட்டில் வைத்து விடியற்காலையில் கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் கூவிவிடும்.

10. பிரித்தபின், முட்டைப் பருவம் வரை

உறுதியான சேவல்களை 12 வாரம் வாக்கில் தனிக் கூட்டுக்கு மாற்றுங்கள். இல்லையேல் தீனித் தட்டில் விடைக்கோழிகளை அவை விரட்டும். பெட்டைகளின் வளர்ச்சி பின்தங்கும். இனப்பெருக்கத்துக்கு 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். வைத்துக்கொள்ளும் சேவலை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்காமல், கால் நேராகவும் நெஞ்செலும்பு வளையாமலும் இருப்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தாய்க்கோழியின் உடன்பிறந்ததையோ மகனையோ வைப்பதைத் தவிர்த்து, முடிந்தால் வேறு மந்தைச் சேவலோடு மாற்றிக்கொள்வது நல்லது.

பெட்டை என்று பிரித்துவிட்ட மகிழ்ச்சியில் உடனே முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாறிவிடக் கூடாது. அதிலுள்ள மிகுதியான சுண்ணாம்புச் சத்து, முட்டையிடத் தொடங்காத கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்பருவத் தீவனமே தொடரட்டும்.

மாற்றும் நேரத்தைக் கோழியே காட்டும். கொண்டை சிவக்கும், மூலை முடுக்கில் இடம் தேடிக் கேறிக்கொண்டு திரியும், முதுகில் கை வைத்தால் இறக்கையைச் சற்று விரித்துப் பதுங்கி அமரும். எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்பு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். முட்டைக்கு வந்த கோழியில் அவற்றின் நடுவே இரண்டு விரலுக்குக் குறையாமல் இடம் இருக்கும். எலும்பு வளைந்து கொடுக்கும். 5 மாதத்தில் விரல் நுழையாவிட்டால் அது இன்னும் முட்டைக்கு வரவில்லை என்பதுதான் பொருள். சேவல் என்று எண்ணி விற்றுவிட வேண்டாம். நாட்டுக்கோழி முதல் முட்டைக்கு 6 மாதத்துக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். அதுவரை ஐயமாக நிற்கும் கோழியின் இடுப்பு இறகை மாதம் ஒருமுறை இரவில் எடுத்துப் பார்த்து, நோட்டில் அதன் வளைய நிறத்துக்கு நேராக எழுதி வாருங்கள்.